அத்தாவா, உம்மாவா? பிள்ளையிடம் வைக்கக் கூடாத கேள்வி

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுத் திண்ணையில் சமரசப் பேச்சுக்காக நாம் அமர்ந்திருந்தோம். கணவன் மனைவி இருவரும் பிரிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. குலா முடிந்து, மஹர், நகை விவகாரம் எல்லாம் தீர்ந்து, மீதி இருந்தது பிள்ளை மட்டும்தான். எட்டு வயதுப் பையன். தாய் அந்த வாடகை வீட்டில் தன் தாயுடன் இருந்து தையல் வேலை செய்துகொண்டிருந்தார். தந்தைக்கு டவுனில் கடை.

இரண்டு தரப்பும் மார்க்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். தந்தை வீட்டார் ஹனஃபி. ஆண் பிள்ளைக்கு ஏழு வயது முடிந்தால் தந்தையிடம் போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். தாய் வீட்டார் கடற்கரைப் பக்கத்து ஷாஃபிஈ குடும்பம். விவரம் தெரிந்த பிள்ளை யாரை விரும்புகிறானோ அவரிடம் விட வேண்டும் என்றார்கள். பேச்சு நீண்டுகொண்டே போனது. மஃக்ரிபுக்கு நேரம் நெருங்கியது. கடைசியில் நாமே அந்த ஹதீஸை எடுத்துச் சொல்லி, "தம்பியையே கேட்டுவிடலாமே" என்றோம்.

ஏழு பெரியவர்களுக்கு நடுவில் பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "பயப்படாம சொல்லுப்பா. உனக்கு அத்தா கூட இருக்கணுமா, உம்மா கூட இருக்கணுமா?" கேட்டது நாம்தான். அவன் வாசலில் கிடந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் முறை கேட்டபோது "உம்மா" என்றான். உள்ளே பெண்கள் பகுதியில் ஒரு பெருமூச்சு. தந்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் பையனும் அவர் பின்னாலேயே போய்விட்டான்.

இஷா முடிந்து வீட்டுக்கு வந்தால் நம் கைபேசியில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. பையனின் குரல்தான். "அத்தா கூடத்தான் இருப்பேன்" என்கிறான். பெரியப்பா அனுப்பியிருந்தார். மறுநாள் காலை பாட்டி அனுப்பிய பதிவு வந்தது, "உம்மாவ விட்டுப் போக மாட்டேன்" என்று. ஒரே இரவில் இரண்டு பதில். இரு தரப்பும் மற்றவர் மிரட்டிச் சொல்ல வைத்ததாகக் குற்றம் சாட்டினார்கள். யாரும் மிரட்டியிருக்க வேண்டியதில்லை என்றே நமக்குப் படுகிறது. எதிரில் நிற்கிறவர் முகம் வாடாமல் இருக்க என்ன சொல்ல வேண்டுமோ, அதைப் பிள்ளை சொல்லியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் அழாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய விருப்பம். அதை நாம் கேட்கவே இல்லை.

அன்று நாம் செய்தது தவறு. எந்த இடத்தில் தவறினோம் என்பதை ஹதீஸையும் ஃபிக்ஹையும் திரும்ப எடுத்துப் படித்தபோதுதான் புரிந்தது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நாம் எடுத்துச் சொன்ன ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய நூல்களில் அபூஹுரைரா (ரலி) வழியாக வருகிறது. அபூதாவூதில் உள்ள விரிவான அறிவிப்பின்படி, ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வருகிறார். தன் கணவர் மகனைக் கொண்டுபோகப் பார்க்கிறார் என்றும், அந்த மகன்தான் தனக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தந்து உதவியாக இருக்கிறான் என்றும் முறையிடுகிறார். நாம் மேடைகளில் இதைச் சொல்லும்போது உடனே, பிள்ளையிடம் தாய் தந்தை இருவரையும் காட்டி விரும்பியவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், அவன் தாயின் கையைப் பிடித்தான் என்று முடித்துவிடுவோம். நடுவில் ஒன்று இருக்கிறது. நபியவர்கள் முதலில் அந்த இருவரையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்துகொள்ளும்படிதான் சொன்னார்கள். தந்தை அதற்கு இசையவில்லை, என் பிள்ளையில் என்னோடு யார் வழக்காடுவது என்று கேட்டார். அதன் பிறகுதான் பிள்ளை பக்கம் திரும்பினார்கள்.

இந்த வரிசையை நாம் கவனிக்கத் தவறினோம். முதலில் சொன்ன வழியில் பிள்ளை வாய் திறக்கவே தேவையில்லை. சீட்டு யார் பக்கம் விழுந்தாலும் 'நீ என்னை வேண்டாம் என்றாய்' என்று அவனை யாரும் சொல்ல முடியாது. பெரியவர்கள் அதை ஏற்க மறுத்த பிறகே தேர்வு அவனிடம் வந்தது. அதுவும் இரு தரப்புக்கும் மேலான ஒருவர் முன்னிலையில், ஒரே ஒரு முறை. வாயால் ஒருவரைப் பெயர் சொல்லி மற்றவரைத் தள்ளும்படி அவனிடம் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொள் என்றார்கள், அவ்வளவுதான். நம் சமரசக் கூட்டங்களில் பிள்ளையிடம் கேட்பது முதல் வேலையாகிவிட்டது. பெரியவர்களுக்கு முடிவெடுக்கச் சங்கடமாக இருக்கிறது, அதைப் பிள்ளை தலையில் வைத்துவிட்டு எழுந்து போகிறோம்.

இனி மத்ஹபுகள். ஹனஃபி மத்ஹபில் பருவம் அடையாத பிள்ளைக்கு இந்தத் தேர்வே கிடையாது. ஆண் பிள்ளை ஏழு வயது வரையிலும், பெண் பிள்ளை பருவம் அடையும் வரையிலும் தாயிடம் என்பது பரவலாகச் சொல்லப்படும் தீர்ப்பு. ஏன் பிள்ளையிடம் கேட்பதில்லை என்பதற்கு 'ஹிதாயா' சொல்லும் காரணம் சுவையானது. விளையாட விடுகிறவரைத்தான் பிள்ளை தேர்ந்தெடுப்பான், அதில் அவனுடைய நலன் கிடைக்காது என்பது அதன் சாரம். இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் 'ஸாதுல் மஆத்' நூலில் ஆசிரியரிடமிருந்து கேட்டதாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். நீதிபதி முன் ஒரு பிள்ளை தந்தையைத் தேர்ந்தெடுத்தான். ஏன் என்று அவனையே கேளுங்கள் என்றார் தாய். கேட்டபோது, அம்மா தினமும் ஓதுகிற இடத்துக்கு அனுப்புகிறார், அங்கே உஸ்தாத் அடிக்கிறார், அத்தா என்னைப் பையன்களோடு விளையாட விடுகிறார் என்றான். நீதிபதி பிள்ளையைத் தாயிடமே ஒப்படைத்தார். (உஸ்தாத்மார்களும் இதைப் படித்துக்கொள்வது நல்லது.)

ஷாஃபிஈ மத்ஹபில், விவரம் தெரியும் வயதில், பெரும்பாலும் ஏழெட்டு வயதில், பிள்ளைக்குத் தேர்வு உண்டு. ஆனால் நம்மில் பலர் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறோம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' அதன் பிறகு அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டு போகிறது. ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிள்ளை பிறகு மற்றவரிடம் போக விரும்பினால் மாற்றிவிட வேண்டும். சொன்ன சொல்லுக்கு அவனைக் கட்டிப்போட முடியாது. மகன் தந்தையைத் தேர்ந்தெடுத்தால், அவன் தாயைப் போய்ப் பார்ப்பதைத் தந்தை தடுக்கக் கூடாது. தாயைத் தேர்ந்தெடுத்தால் இரவில் தாயிடம், பகலில் கல்விக்கும் ஒழுக்கத்துக்கும் தந்தையிடம். பிள்ளை நோயில் விழுந்தால் பணிவிடை செய்யத் தாய்க்கே அதிக உரிமை. தந்தை சம்மதித்தால் அவர் வீட்டிலேயே, இல்லாவிட்டால் தாய் வீட்டில். மணவிலக்கு ஆன இருவர் ஒரு கூரையின் கீழ் ஒரு நோயாளிப் பிள்ளைக்காக வந்து நிற்கக்கூடும் என்பதையும் நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

நம்மைத் தலைகுனிய வைத்தது அடுத்த இரண்டு தீர்ப்புகள். பிள்ளை 'இரண்டு பேரும் வேண்டும்' என்றால்? சீட்டுப் போட வேண்டும். பிள்ளை எதுவுமே சொல்லாமல் நின்றால்? தாய்க்கே முன்னுரிமை, அங்கேயும் சீட்டுதான் என்ற கருத்தும் உண்டு. அதாவது, பிள்ளை வாய் மூடி நிற்பான் என்பதை அந்த அறிஞர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். இரண்டாம் முறை கேள், மூன்றாம் முறை கேள் என்று அவர்கள் எழுதவில்லை. நாமோ செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற பையனிடம் இரண்டாம் முறை கேட்டோம்.

ஆக, ஒரு மத்ஹப் பிள்ளையிடம் கேட்கவே சொல்லவில்லை. இன்னொன்று கேட்கச் சொன்னாலும் அவன் சொல்லும் பதில் அவனை நசுக்காதபடி சுற்றிலும் பாதுகாப்பு வைத்தது. அன்று திண்ணையில் இரண்டு தரப்பும் தத்தம் மத்ஹபிலிருந்து தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் கொண்டுவந்திருந்தன. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்த நாமும் சொல்லவில்லை.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புப் பிள்ளைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையின் நலனையே முன்வைக்கிறது. அறிவோடு விருப்பம் தெரிவிக்கும் வயது பிள்ளைக்கு வந்திருந்தால் நீதிமன்றம் அந்த விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. 'கொள்ளலாம்' என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் விருப்பம் பல விஷயங்களில் ஒன்று, அதுவே தீர்ப்பு ஆகாது. நீதிபதிகள் பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துப் பெற்றோர் இல்லாமல் பேசுவதும் இதனால்தான். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், 1973இலேயே உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறது.

நாம் பேசும் விஷயத்தை நேரடியாகத் தொட்ட தீர்ப்பு 2017 பிப்ரவரியில் வந்தது. இரண்டு வயது நிறைவதற்கு முன்பிருந்தே தந்தையிடம் வளர்ந்த ஒரு சிறுமி, தந்தையிடமே இருக்க விரும்புவதாகச் சொன்னாள். நீதிபதி ஏ.கே. சிக்ரி எழுதிய அந்தத் தீர்ப்பு அவள் சொன்னதை அலட்சியம் செய்யவில்லை. ஆனால் தாயோடு வாழும் வாய்ப்பே கிடைக்காத பிள்ளையின் விருப்பத்தை எப்படி முழு விருப்பம் என்று எடுத்துக்கொள்வது என்று கேட்டது. ஓராண்டு காலம் தாயிடம் இருக்கட்டும், தந்தை வந்து பார்த்துச் செல்லட்டும் என்று ஏற்பாடு செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதி, எந்தப் பெற்றோர் வேண்டும் என்று கேட்கப்படும் பிள்ளையின் நிலையைப் பற்றியது. ஜெயிக்கவே முடியாத ஒரு விசுவாசப் போட்டியின் நடுவில் பிள்ளை நிறுத்தப்படுகிறது, யாரைச் சொன்னாலும் குற்ற உணர்வும் குழப்பமும்தான் மிஞ்சும், பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவை இருவரோடும் உள்ள உறவு தொடர்வதே என்று அது விளக்குகிறது. அடி அண்ணாமலைத் திண்ணையைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருந்தது நமக்கு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை ஒருவரை வேண்டாம் என்றாலே 'எதிர்த்தரப்பு தூண்டிவிட்டது' என்று முத்திரை குத்துவதும் அநியாயம். அப்படி அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றமே எச்சரித்திருக்கிறது. ஒரு பிள்ளை தந்தை வீட்டுக்கோ தாய் வீட்டுக்கோ போகப் பயந்து நடுங்கினால், அங்கே அடி விழுகிறதா, குடி இருக்கிறதா, வேறு ஏதேனும் தீங்கு நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டியது பெரியவர்கள் கடமை. பிள்ளை தானாகச் சொல்ல வருவதைக் கேட்பது வேறு. நாம் விரும்பும் பதிலை அவன் வாயிலிருந்து வாங்குவது வேறு. முன்னது அவனுடைய உரிமை. பின்னதைத்தான் கூடாது என்கிறோம்.

பிரிந்த குடும்பங்களுக்கு மட்டும் உரிய பேச்சு இது என்று மற்றவர்கள் நினைத்துவிட வேண்டாம். ஒற்றுமையான வீடுகளில்தான் இந்தக் கேள்வி விளையாட்டாகத் தொடங்குகிறது. அகீகா விருந்தில் பிரியாணி தட்டோடு உட்கார்ந்திருக்கும் சாச்சா, மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு "உனக்கு யாரை ரொம்பப் புடிக்கும்?" என்பார். குழந்தை யார் கையில் மிட்டாய் இருக்கிறது என்று பார்த்துப் பதில் சொல்லும். எல்லோரும் சிரிப்பார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தந்தையர் உள்ள வீடுகளில் இது இன்னும் கொஞ்சம் கூர்மையாகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வரும் தந்தை, பெட்டியைப் பிரித்துப் பொம்மையைக் கொடுத்துவிட்டு, "அத்தாவைத்தானே ரொம்பப் புடிக்கும்?" என்று கேட்கிறார். அவர் மனதில் இருப்பது பயம். என் பிள்ளை என்னை மறந்துவிட்டானோ என்ற பயம். அது நியாயமான பயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு மருந்து பிள்ளையிடம் இல்லை. அடுக்களையில் நிற்கிற தாயின் காதில் அந்தக் கேள்வி எப்படி விழுகிறது என்பதையும் பிள்ளை கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு அவர் விமானம் ஏறியதும், "அத்தா வந்தா என்னைய மறந்துடுற, பாத்தியா" என்று தாயின் முறை வருகிறது.

இன்னொரு பழக்கம் நம்மைப் போன்ற மார்க்கப் பின்னணி உள்ள வீடுகளில் அதிகம். தாய்மார்கள், முதலில் தாய், பிறகும் தாய், பிறகும் தாய், அதன் பிறகே தந்தை என்ற ஹதீஸைப் பிள்ளையிடம் சொல்வார்கள். தந்தையர், நீயும் உன் பொருளும் உன் தந்தைக்கே என்ற கருத்துள்ள ஹதீஸை எடுப்பார்கள். முதல் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதில், தான் நல்ல முறையில் நடந்துகொள்ள அதிகத் தகுதியானவர் யார் என்று ஒரு மனிதர் தாமாக வந்து கேட்கிறார். தன் கடமையைத் தெரிந்துகொள்ள வந்தவருக்குச் சொன்ன பதில் அது. ஒரு தாய் தன் ஏழு வயது மகளை உட்கார வைத்து, உன் அத்தாவை விட எனக்கு மூன்று மடங்கு என்று கணக்குச் சொல்வதற்காக வந்த ஹதீஸ் அன்று. இரண்டாவதும் அப்படியே. தகப்பனின் தேவையைப் பார்க்க வேண்டிய மகனுக்கு உரியது அது, ஒரு குழந்தையைத் தன் பக்கம் இழுக்கும் கயிறு அல்ல.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பால்குடி, மணவிலக்கு பற்றிப் பேசும் இடத்தில், தாய் தன் பிள்ளையின் காரணமாகத் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் தன் பிள்ளையின் காரணமாகத் துன்புறுத்தப்படக் கூடாது என்று கட்டளையிடுகிறது. பிள்ளையை வைத்து ஒருவரை ஒருவர் நோகடிக்கும் வழி திறந்தே இருக்கிறது என்பது படைத்தவனுக்குத் தெரியும். பாலூட்டும் பருவத்துப் பிள்ளையைப் பற்றியே இந்த எச்சரிக்கை என்றால், பேசத் தெரிந்த பிள்ளையின் நாவைக் கொண்டு எதிர்த்தரப்பைக் குத்துவதைப் பற்றி என்ன சொல்வது?

பிள்ளைகளுக்கிடையே பெற்றோர் நீதியாக நடக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்த பஷீர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சாட்சியாக மறுத்த நிகழ்ச்சி எல்லா ஜும்ஆ மேடையிலும் சொல்லப்படுகிறது. எல்லாப் பிள்ளைகளும் உமக்கு ஒரே போல நன்மை செய்வது உமக்கு மகிழ்ச்சி தராதா என்றும் அவரிடம் கேட்டார்கள். நம் பிள்ளைகளில் யாரை அதிகம் பிடிக்கும் என்று ஒருவர் கேட்டால், "எல்லாரும் ஒண்ணுதான்" என்று சட்டென்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். அந்தத் தப்பிக்கும் வழியைப் பிள்ளைக்கு மட்டும் நாம் தருவதில்லை. அவன் "ரெண்டு பேரும்" என்று சொன்னால், "அதெல்லாம் இல்ல, ஒருத்தரைச் சொல்லு" என்கிறோம்.

நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஒரு நிகழ்ச்சி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் மணவிலக்குச் செய்த அன்ஸாரிப் பெண்மணியிடம் அவர்களுடைய மகன் ஆஸிம் இருந்தார். ஒருநாள் குபா பள்ளியின் முற்றத்தில் மகன் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்ட உமர் (ரலி), கையைப் பிடித்துத் தூக்கித் தம் வாகனத்தில் முன்னால் வைத்துக்கொண்டார்கள். பாட்டி ஓடிவந்து பிள்ளைக்காக வழக்காடினார். விஷயம் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது. என் மகன் என்றார்கள் உமர். என் பிள்ளை என்றார் பாட்டி. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிடுமாறு அபூபக்ர் (ரலி) சொன்னார்கள். உமர் (ரலி) அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை என்று அறிவிப்பு முடிகிறது.

சிறுவர் ஆஸிமிடம் யாரும் எதையும் கேட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை. உமர் எப்படிப்பட்டவர் என்பது நமக்குத் தெரியும். விட்டுக்கொடுத்துப் பழக்கப்படாத அந்த மனிதர், பிள்ளை விஷயத்தில் பெரியவர் ஒருவர் சொன்ன முடிவுக்கு வாய் மூடிக்கொண்டார். பின்னாளில் கலீஃபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) பிறந்தது இந்த ஆஸிமின் மகளுக்குத்தான்.

சமரசத்துக்கு உட்காரும் ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் ஒருவர் மட்டும், தனியாக, பள்ளிக்கூடம், ஓதல், சாப்பாடு, தூக்கம் என்று பேச்சுக் கொடுங்கள். எங்கே அவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிரிந்த பெற்றோர் இருவரிடமும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: அங்கே யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், உன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று திரும்பிவந்த பிள்ளையைத் துருவாதீர்கள். ஜீவனாம்சப் பாக்கியைப் பிள்ளை வாயால் கேட்டனுப்பாதீர்கள். குரல் பதிவு எடுக்கவே எடுக்காதீர்கள். விருந்தில் சாச்சா விளையாட்டாகக் கேட்டால், பிள்ளை பதில் தேடுவதற்கு முன், "அவனுக்கு ரெண்டு பேரும்தான், நீங்க பிரியாணியைச் சாப்பிடுங்க" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடலாம். அதற்கு வயது, உறவு முறை எதுவும் பார்க்க வேண்டாம்.

அந்தப் பையன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த இரண்டு குரல் பதிவுகளுக்குப் பிறகு நாம் மூன்று முறை அடி அண்ணாமலைக்குப் போனோம், பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. தந்தையும் தாயும் முகம் கொடுத்துப் பேசவில்லை, நம் வழியாகவே பேசினார்கள். மத்ஹப் வாதத்தை இரு தரப்பும் கைவிட்டன. இரவு தாயிடம், பள்ளி விட்டதும் மாலையில் தந்தையின் கடையில், மக்தப் முடிந்து இஷாவுக்குப் பின் தந்தையே கொண்டுவந்து விடுவது, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தந்தையோடு போவது என்று ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தால் அந்தச் சாலையில் வண்டி போகாது. அன்றைக்கு என்ன செய்வது என்பதை எழுத மறந்திருந்தோம். முதல் பௌர்ணமிக்குத் தாயே ஃபோன் செய்து கேட்டார். அன்றைக்கு மட்டும் வண்டியை டவுனிலேயே விட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்து பையனைக் கொண்டுவிடுகிறார் தந்தை. அவனுக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் ரொம்பப் பிடிக்கிறதாம். யாரும் கேட்காமல் அவனாகச் சொன்னது.